கேட்டுக்கொண்டிருந்தவர்

நார்த் சர்க்குலர் ரோட்டைத் தாண்டும் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது ரைஸ் குக்கரின் மூடி கழன்று விழுந்து உருண்டது. தோளில் பையும் கக்கத்தில் குக்கருமாகக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து ஃபாரஸ்ட் கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் பக்கத்தில் உட்கார மனமில்லை. மூடியை எடுத்துத் துடைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு மேலே நடந்தேன். குக்கர் என்னுடையதல்ல. படியிறங்கும்போது, நான் இருந்த வீட்டுக்காரர் என் கையில் திணித்துவிட்டது.

"இதையும் கொண்டுபோ. எனக்கு வேலை இடத்தில சாப்பாடு கிடைக்கும்."

அவருடைய பிளாட்டில் ஒன்றரை வருடம் இருந்தேன். அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அவர். மற்றதில் ஒருவரும் இல்லை. ரோஸ் நிறச் சுவர், சின்னக் கட்டில், பட்டாம்பூச்சி போட்ட போர்வை. அது அவருடைய மகளுக்கு. நான் ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தேன். மகளைக் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவு எடுத்து எசெக்ஸ் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு விட்டிருந்தது. எடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது. பிள்ளையைத் திருப்பி எடுக்கவேண்டும். அதற்கு வீடு வேண்டும், பகல் வேலை வேண்டும், அந்த ஆட்களோடு பேச ஆங்கிலம் வேண்டும். வீட்டையும் வேலையையும் நான் வருவதற்கு முன்பே சரிக்கட்டியிருந்தார். ஆங்கிலம்தான் மிச்சம்.

அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. வாயைத் திறக்கமாட்டார். கேட்பார்.

ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது கண்டுபிடித்த வழி. அங்கே கூட்டித் துடைக்கும் கிழவன் ஒருவன் வேலை செய்தபடியே தன் நாயோடு பேசிக்கொண்டிருப்பானாம். இப்போது வாளியைத் தூக்குகிறேன், இப்போது தண்ணீரை ஊற்றுகிறேன், நீ தள்ளி நில், என்று. இவர் படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"கையைப் பார்த்தால் சொல் விளங்கும், தம்பி. மூண்டு வருசம் நான் வாய் திறக்கேல்லை. ஒருநாள் பார்த்தால், தபால்காரனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஜெர்மனில."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தாலி, சுவிஸ், பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு லண்டனுக்கு வந்தவன். எந்த நாட்டு மொழியிலும் எனக்கு நாலு சொல் தெரியும்: வேலை, பொலிஸ், நாளைக்கு, இல்லை. அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டியிருந்தேன். அதனால் அவருடைய வழி எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் ஏன் அப்படிப் பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்றுதான் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தார்கள். வந்த ஆறாம் மாதம் மனைவி நோயில் இறந்துபோனார். அண்ணைக்கு விடியற்காலை நாலு மணிக்கு ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை. பிள்ளை நித்திரையில் இருக்கும்போது கதவைச் சாத்திவிட்டுப் போய் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவார். ஒருநாள் பிள்ளை எழும்பி, கதவைத் திறந்துகொண்டு, இரவு உடுப்போடு ரோட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பொலிசைக் கூப்பிட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது வாசலில் இரண்டு பொலிஸ்காரரும் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டாளாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி 'யெஸ்' என்றிருக்கிறார். அதிகாரத்தில் உள்ளவர்கள் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் வரும். விளங்கவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு போல இருக்கும். அடிக்கடி இப்படித் தனியே விடுவீர்களா? யெஸ். பிள்ளையை அடிப்பதுண்டா? யெஸ்.

அவர் அந்தப் பிள்ளையை ஒருநாளும் தொட்டதில்லை. அந்தப் பெண் எழுதிய தாளைப் பிறகு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டியபோதுதான், அன்று தான் என்னென்ன சொன்னார் என்று அவருக்கே தெரிந்தது. மறுத்துச் சொன்னார். மறுத்ததையும் எழுதிக்கொண்டார்கள். முதல் தாள் அப்படியே இருந்தது.

"விளங்காத ஒண்டுக்கு இனி என்ர வாயில ஓம் வராது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போதுகூடப் படிக்கட்டில் குந்தி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிளாட்டுக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது அவருடைய சட்டம். காதில் தமிழ் விழுந்தால் மற்றது ஓடிவிடுமாம். கதைக்கவேண்டியதை வெளியே, படிக்கட்டிலோ ரோட்டிலோதான் கதைப்போம். சரி, ஆங்கிலத்தில் பேசலாமா என்றால், அவர்தான் பேசமாட்டாரே. எனக்கோ பேசத் தெரியாது. ஆகவே இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் எதிரெதிரே இருந்து சத்தமில்லாமல் சோறு தின்போம். டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சி ஓடும். ஒரு பொம்மை பெட்டியைத் திறந்து, 'இது என்ன? இது ஒரு தொப்பி. தொப்பி எங்கே? தலையில்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணை, சோறு குழைஞ்சு போச்சு" என்றேன் ஒருநாள்.

விரலை உயர்த்தினார்.

"சரி. ரைஸ் டெட்."

சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போனார்.

நான் தமிழ் பேசவேண்டுமென்றால் படிக்கட்டில் போய் நின்று டெலிபோன் கார்டைச் சுரண்டி யாருக்காவது அடிப்பேன். "வீட்டில சிக்னல் இல்லையோ?" என்று கேட்பார்கள். "சிக்னல் இருக்கு, சுதந்திரம் இல்லை" என்பேன்.

கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்புக்கு இரண்டு கிழமை போனார். பிறகு விட்டுவிட்டார். "அங்கை இடைவெளி நிரப்பச் சொல்லுறாங்கள். ஒருத்தரும் ஒண்டையும் கதைக்கிறதில்லை" என்றார். அதற்குப் பதிலாக நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். அவருக்கு லீவு நாளான செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே குழந்தைகளுக்குக் கதை வாசிப்பார்கள். அம்மாமார் மடியில் பிள்ளைகளோடு கம்பளத்தில் இருப்பார்கள். வாசிக்கும் பெண் படத்தைக் காட்டி, கரடி நடந்தால் நடந்து காட்டி, விழுந்தால் விழுந்து காட்டி வாசிப்பாள். இவர் பின்னால் ஒரு சின்ன நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் முட்ட, கோட்டோடு உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது ஆள். தனியாக.

ஐந்தாம் கிழமை ஒரு தாய் முறைப்பாடு சொன்னாள். கதை முடிந்ததும் நூலகப் பெண் இவருக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, மெதுவாகச் சொன்னாளாம்: மன்னிக்கவேண்டும், பிள்ளையோடு வருகிற பெரியவர்கள் மட்டும்தான் இங்கே இருக்கலாம்.

அன்று பின்னேரம் சட்டத்தை அவரே மீறித் தமிழில் இதைச் சொன்னார். முகம் நல்ல வெளிச்சமாக இருந்தது.

"உங்களைத் திரத்திவிட்டிருக்கிறாள் அண்ணை. அதுக்கேன் சிரிக்கிறியள்?"

"அவ சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கினது, தம்பி. படம் இல்லாமலே."

அந்தப் பெண் நல்லவள். போகும்போது கரடிப் புத்தகத்தையும் அதன் கசெட்டையும் அவருடைய கார்டில் பதிந்து கொடுத்தனுப்பியிருந்தாள். அந்தக் கரடியை நான் எத்தனை நூறு தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மெத்தையில் படுத்திருந்தால் கரடி ஆற்றைக் கடக்கும். குளித்துவிட்டு வந்தால் காட்டுக்குள் நிற்கும்.

வேலையையும் அப்படித்தான் தெரிந்தெடுத்தார். முதலில் இருந்தது டூட்டிங்கில் ஒரு தமிழருடைய பெட்ரோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். நல்ல முதலாளி. அங்கே முழுநாளும் தமிழ்தான். அதை விட்டுவிட்டு, முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவப் போனார். முதலாளி என்னிடம் வந்து, "உந்த மனிசனுக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்டார். யாராவது ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னால் அண்ணை சம்பளத்தைக் கேட்கமாட்டார். அங்கே ஆட்கள் என்ன கதைப்பார்கள், மெதுவாகக் கதைப்பார்களா என்று கேட்பார்.

இல்லத்தில் மெதுவாகத்தான் கதைத்தார்கள். தேநீர் கொண்டுபோனால், தேநீர் வந்துவிட்டது, சூடாக இருக்கிறது, சீனி போதும், என்று கோப்பையைப் பார்த்தே பேசுவார்களாம். அங்கே ஞாபகம் போய்விட்ட ஒரு கிழவர் இருந்தார். ஒவ்வொரு நாளும் இவரைப் புதிதாகக் கண்டு, ஒவ்வொரு நாளும் அதே கதையைச் சொல்வார். படகில் போன கதை. பின்னால் ஒரு நாய் நீந்தி வருகிறது. கையை நாயின் கால் போல அடித்துக் காட்டிச் சொல்வார், விழுந்து விழுந்து சிரிப்பார். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். இன்றைக்குப் படகின் பெயர் விளங்கியது, இன்றைக்கு நாயின் நிறம் விளங்கியது என்று படிக்கட்டில் வைத்துச் சொல்வார். நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் வந்து ஜாக்கெட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"கடைசித் துண்டு விளங்கிட்டுது" என்றார், தமிழில்.

"என்னவாம்?"

"நாய் வந்து சேரேல்லை. தண்ணிக்குள்ள தாண்டு போச்சு. அந்தாள் அப்ப பத்து வயசுப் பெடியன். தகப்பன் படகைத் திருப்பேல்லை." சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடி சொன்னார்: "நான் இவ்வளவு நாளும் சிரிச்சனான்."

மகளைச் சனிக்கிழமைகளில் ஒரு மணித்தியாலம் பார்க்கலாம். பார்க்கிங்கிலேயே ஒரு கட்டடம். விளையாட்டுச் சாமான் நிறைந்த ஓர் அறை. மூலையில் ஒரு பெண் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் எழுதுவாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும் என்பது விதி. தமிழில் பேசுவதென்றால் மொழிபெயர்ப்பாளர் கூட இருக்கவேண்டும். அவர் பிந்தி வந்தால் அரை மணித்தியாலம் போய்விடும். வராவிட்டால் அப்பாவும் மகளும் சும்மா இருந்து கட்டை அடுக்கவேண்டியதுதான். வந்துவிட்டால் அதுவும் ஒரு கரைச்சல். பிள்ளை 'அப்பா' என்று சொல்ல, பக்கத்தில் ஒரு ஆண் குரல் 'டாடி' என்று சொல்லும். அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதாக.

நான் வாசல் பெஞ்சில் காத்திருப்பேன். திரும்பிப் போகும்போது கூட ஒரு ஆள் நடந்தால் அவருக்குப் போதும்.

முதல் மாதங்களில் அவர் அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகள் பேசுவாள், அவர் தலையை மட்டும் அசைப்பார். ஆனால் அவர் தேடித்தேடிப் போன பேச்சு அவளைச் சுற்றி முழுநாளும் இருந்தது. ஒரு வீடு முழுக்க அவளோடு பேசியது. கரண்டியைக் கொடுத்துக் கரண்டி என்றது, சப்பாத்தைப் போட்டுவிட்டுச் சப்பாத்து என்றது. கசெட் தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் மறந்துபோய், "சாப்பிட்டியோ குஞ்சு?" என்று கேட்டுவிட்டார். மகள் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. மூலையில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாளாம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதுபோல.

அதற்கு அடுத்த கிழமைதான் வாய் திறந்தார். எனக்கும் ஆச்சரியம். அவ்வளவு காலம் உள்ளே கிடந்தது வரிவரியாக வந்ததாம். அதற்குப் பிறகு சில மாதங்கள் நல்ல மாதங்கள். வெளியே வரும்போதே கதை தொடங்கிவிடும்.

"இண்டைக்கு நாலு பிழை விட்டனான். நாலையும் திருத்தினவள். கரடிக் கதை சொன்னன். கரடி அப்பிடி உறுமாதாம். உறுமிக் காட்டினவள், நல்ல சத்தமா."

"அந்த எழுதுற மனிசி அதையும் எழுதினவவோ?"

"எழுதாமல்? இவ்வளவு பெரிசா உறுமினால்!"

அந்தக் காலத்தில்தான் ரோஸ் சுவருக்கு இரண்டாம் முறை பெயின்ட் அடித்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வெளியே வந்தவர் நேரே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அங்கே இரண்டு பஸ்ஸைப் போகவிட்டார். மூன்றாவது பஸ்ஸும் போனபிறகு தானே சொன்னார்.

"அவள் அந்த மனிசியின்ர காதுக்குள்ள கேட்டவள், அடுத்த சனியும் வரத்தான் வேணுமோ எண்டு. மெல்லமாத்தான். எனக்குக் கேட்டுது."

"ஏனாம்?"

"சிநேகிதிக்குப் பிறந்தநாள். நீச்சல் குளத்தில பார்ட்டி."

"சின்னப் பிள்ளைதானே அண்ணை."

"ஓம். அதுக்கு நான் கோவிக்கேல்லை. எனக்கு விளங்காது எண்டு நினைச்சுத்தான் கேட்டவள். என்ர மனம் நோகக்கூடாது எண்டு மெல்லமாக் கேட்டவள்." கையுறையைக் கழற்றித் திரும்பப் போட்டார். "போன வருசமெண்டால் நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருப்பன்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வரத் தேவையில்லை, போய் நீந்து எண்டு சொன்னன். இங்கிலிஷில. ஒரு பிழையும் இல்லை. அவள் திருத்தேல்லை."

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் போனார். மகள் வந்தாள். சிரித்தாள், படம் வரைந்தாள். அவர் மறுபடியும் அதிகம் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவள் 'வீடு' என்று எதைச் சொல்கிறாள், 'நாங்கள்' என்று யாரைச் சொல்கிறாள் என்றெல்லாம்.

மகள் எங்கே இருப்பது என்று முடிவெடுக்கும் பெரிய கூட்டம் ஒரு புதன்கிழமை. அவருடைய லோயர், கவுன்சில் ஆட்கள், அந்த எசெக்ஸ் குடும்பத்துப் பெண். மகள் பதினெட்டு வயதுவரை அந்தக் குடும்பத்தோடு இருப்பது, தகப்பன் வருடத்தில் மூன்று தடவை பார்ப்பது என்று கவுன்சில் கேட்டிருந்தது. எதிர்க்கலாம், வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது, என்று லோயர் சொல்லியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் தயாராக வந்து இருந்தாராம். அவரை வேண்டாம் என்றுவிட்டு இவர் தனியே உள்ளே போனார். முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்து, சம்மதித்துவிட்டதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரோட்டிலேயே நின்று கத்தினேன்.

"உங்களுக்கு விளங்கேல்லை அண்ணை. பேப்பரில என்ன கிடக்கு எண்டு தெரியாமல் திரும்பவும் ஓம் எண்டிட்டு வந்து நிக்கிறியள்."

"முதல் தரம்தான் விளங்காமல் ஓம் எண்டனான்" என்றார். "இந்தத் தரம் எல்லாம் விளங்கித்தான் ஓம் எண்டனான்."

"அப்ப ஏன் இவ்வளவு பாடுபட்டனீங்கள்? என்ர வாயையும் ஒண்டரை வருசம் கட்டி வைச்சனீங்கள்?"

"என்ர இங்கிலிஷ் ஒரு மணித்தியாலத்துக்குக் காணும், தம்பி. ஒரு பிள்ளையை வளர்க்கக் காணாது. இரவில காய்ச்சலெண்டு எழும்பி என்னத்தையோ சொல்லி அழுவாள். நான் கரடிக் கதையோ சொல்லுறது?"

"தமிழ் திரும்ப வரும்."

"வரும். எத்தினை வருசத்தில? அதுவரைக்கும் அவள் என்ர வீட்டில வாய் திறக்காமல் இருப்பாள். அது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும்."

அவர் செய்தது சரியென்று இன்றைக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிழையென்று சொல்லவும் என்னிடம் சொல் இல்லை. நானென்றால் சண்டை பிடித்திருப்பேன். பிடித்துவிட்டு வேறு நாட்டுக்குப் போயிருப்பேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு இருந்தபோது, "இனி வீட்டில தமிழ் கதைப்பம்" என்றார். நான் சரி என்றேன். பிறகு இரண்டு பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வரும்போல இருக்கிறது என்றேன். ஓம், வரும் என்றார்.

இரண்டு அறை பிளாட் பிறகு எதற்கு? முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று பார்த்துக்கொண்டார். மகளுடைய சின்னக் கட்டிலைக் கீழ் வீட்டுச் சோமாலிக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். நான்தான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். அவர்களுடைய பிள்ளைகள் நாங்கள் படியிறங்க இறங்கவே அதில் ஏற முயன்றார்கள். அவர் ஆங்கிலத்தில் பகிடியாக ஏதோ சொல்ல, அதுகள் சிரித்தன. எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. இடம் மாறிக்கொண்டே இருப்பவனுக்கு அப்படித்தான். அதே இல்லத்தில் இன்னும் வேலை செய்வதாகவும், கிழவர்களுக்கு மாலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவதாகவும் சில வருடங்களின் பின் டூட்டிங் முதலாளி சொன்னார். மகளைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்குக் குக்கரோடு ஃபாரஸ்ட் கேட் போய்ச் சேர்ந்தபோது கை விறைத்துவிட்டது. தெரிந்த ஒருவனுடைய அறையில் தரையில் படுத்தேன். அவன் சொல்லி, அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு தமிழ்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வான் வண்டியிலிருந்து மரக்கறிப் பெட்டி இறக்குவது, அழுகியதைப் பொறுக்குவது, மற்றதை அடுக்குவது.

எட்டரை மணிபோல ஒரு பெண், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியோடு வந்தார். ஏழு வயது இருக்கும்.

"முருங்கைக்காய் எடுப்பமோ பிள்ளை?" என்று தாய் கேட்டார்.

சிறுமி மூக்கைச் சுளித்து ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். மிக வேகமாக.

"நீ தின்னாட்டி விடு. அப்பா தின்பார்."

அவள் அதற்கும் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னாள். தாய் சிரித்து, அவள் தலையில் மெதுவாக ஒரு குட்டு வைத்து, முருங்கைக்காய்க் கட்டை எடுத்துக் கூடையில் போட்டார். இருவரும் பேசிக்கொண்டே, ஒருவர் ஒரு மொழியிலும் மற்றவர் மற்ற மொழியிலுமாக, பால் பக்கம் போனார்கள். கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன, நிண்டுகொண்டு பார்க்கிறாய்?" என்று கடை முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். வெண்டிக்காய்ப் பெட்டிகள் இன்னும் இறக்கக் கிடந்தன. நான் வெளியே போய் ஒன்றைத் தூக்கினேன்.